கல்லூரி முடிந்தது, இனி எந்தப் பக்கம்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டம் வாங்கிய கையோடு பிடித்த வேலையில் சேர்ந்துவிட்டவர்களுக்கு இந்தப் பக்கம் தேவைப்படாது. சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு "இனி என்ன?" என்று விழித்துக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நானும் அப்படி ஒன்றரை வருடம் இருந்தேன். அதற்குப் பிறகு, படிப்பை முடித்துவிட்டு வரும் பலரோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வந்த கேள்விகளும், நான் சொல்லும் பதில்களும் கீழே.

கூடப் படித்த எல்லோருக்கும் என்ன செய்யப்போகிறோம் என்று தெரிகிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை. என்னிடம் ஏதாவது குறையா?

இல்லை. ஒன்றாம் வகுப்பு முடிந்தால் இரண்டாம் வகுப்பு, அது முடிந்தால் மூன்றாம் வகுப்பு என்று இத்தனை வருடமும் அடுத்த படியை யாரோ போட்டுக் கொடுத்தார்கள். பாடத்திட்டம் இருந்தது, தேர்வுத் தேதி இருந்தது, எப்படிப் படிக்கிறோம் என்று சொல்ல மதிப்பெண் இருந்தது. பதினைந்து, பதினாறு வருடம் அப்படிப் பழகியவருக்குத் திடீரென்று படிகளே இல்லை என்றால் கால் தடுமாறத்தான் செய்யும்.

கூடப் படித்தவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர்களில் பலருக்கு வேலை கிடைத்திருக்கிறது, அதனால் யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் இருக்கிறது. கேள்வி தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு இதே கேள்வியோடு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தடுமாற்றம் இன்று வந்ததும் இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் 1908-லேயே இளைஞர்களுக்குத் தொழில் ஆலோசனை சொல்வதற்கென்று ஒரு நிலையம் தொடங்கினார். உன்னைத் தெரிந்துகொள், வேலைகளைத் தெரிந்துகொள், இரண்டையும் பொருத்திப் பார் என்பது அவர் வழி. நூறு வருடங்களுக்கு மேலாகியும் ஆலோசகர்கள் பலர் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். நான் அதோடு ஒன்றைச் சேர்ப்பேன். அறைக்குள் உட்கார்ந்து யோசித்தால் முதல் இரண்டுமே பிடிபடாது. ஏதாவது ஒரு வேலையில் கை வைத்த பிறகுதான் நம்மைப் பற்றியும் தெரியவரும், அந்த வேலையைப் பற்றியும் தெரியவரும். என் பதில்கள் பெரும்பாலும் இதைச் சுற்றியேதான் இருக்கும்.

"பிடித்ததைச் செய்" என்கிறார்கள். எனக்குப் பிடித்தது எது என்றே தெரியவில்லையே?

நல்ல எண்ணத்தில் சொல்லப்படும் இந்த அறிவுரை பலரை முடக்கிப்போடுவதைப் பார்த்திருக்கிறேன். நமக்கென்று ஒரு வேலை எங்கோ ஒளிந்திருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், அப்புறம் எல்லாம் தானாக நடக்கும் என்ற நம்பிக்கை இதற்குள் இருக்கிறது. அந்த நம்பிக்கைதான் சிக்கல்.

பால் ஓ'கீஃப், கரோல் டுவெக், கிரகரி வால்டன் என்ற மூன்று உளவியலாளர்கள் 2018-ல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆர்வம் என்பது உள்ளே ஏற்கெனவே இருக்கும் ஒன்று என்று நம்பும் மாணவர்கள் ஒரு பக்கம், ஆர்வம் வளர்த்தெடுக்கப்படுவது என்று நம்புபவர்கள் மறுபக்கம். கருந்துளைகளைப் பற்றிய சுவையான ஒரு வீடியோவைக் காட்டியபோது இரு தரப்புக்கும் ஆர்வம் வந்தது. அடுத்து அதே விஷயத்தைப் பற்றிய கடினமான அறிவியல் கட்டுரை ஒன்றைப் படிக்கக் கொடுத்தார்கள். முதல் தரப்பினரின் ஆர்வம்தான் அதிகமாகச் சரிந்தது. "இது எனக்கானது என்றால் இவ்வளவு கஷ்டமாக இருக்காதே" என்று நினைத்துவிடுகிறோம். எந்த வேலையிலும் முதல் ஆறு மாதம் கஷ்டமாகத்தான் இருக்கும். அந்தக் கஷ்டத்தைத் 'தவறான வேலை' என்று படித்துவிட்டால் எதிலும் நிலைக்க முடியாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஒரு விஷயம் பிடிப்பது வேறு, அந்த விஷயத்தில் இருக்கும் வேலை பிடிப்பது வேறு. விலங்குகள் மேல் உயிரையே வைத்திருக்கும் ஒருவருக்குக் கால்நடை மருத்துவரின் ஒரு சாதாரண நாள் பிடிக்காமல் போகலாம். அந்த நாளில் ரத்தம் இருக்கிறது, அழும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள், கணக்கு வழக்கு இருக்கிறது. அதனால் "எனக்கு எந்தத் துறை பிடிக்கும்?" என்று கேட்பதைவிட "எனக்கு என்ன செய்துகொண்டிருக்கப் பிடிக்கும்?" என்று கேளுங்கள். ஒருவருக்கு விளக்கிச் சொல்வதா, பழுதைத் தேடிக் கண்டுபிடிப்பதா, ஒழுங்குபடுத்துவதா, வரைவதா, பேரம் பேசுவதா, தனியாக உட்கார்ந்து எழுதுவதா?

இதற்கு எனக்குத் தெரிந்த எளிய வழி ஒரு நோட்டுப் புத்தகம். மூன்று வாரம், தினமும் இரவில் இரண்டு வரி. இன்று எதைச் செய்தபோது நேரம் போனது தெரியவில்லை, எதைச் செய்தபோது எப்போது முடியும் என்று இருந்தது. பெரிய விஷயமாக இருக்க வேண்டும் என்பதில்லை. நண்பனின் விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுத்தது, உறவினரின் கடைக் கணக்கைச் சரிபார்த்தது, எதுவானாலும் எழுதுங்கள். மூன்று வாரம் கழித்துப் படித்தால் ஒரே மாதிரியான செயல்கள் திரும்ப வருவது கண்ணில் படும். என் நோட்டில் திரும்பத் திரும்ப வந்தது, சிக்கலான ஒன்றை யாருக்காவது புரியும்படி சொன்ன நேரங்கள். அப்படி ஒன்று எனக்குப் பிடிக்கும் என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை.

இணையத்தில் இருக்கும் ஆளுமைத் தேர்வுகளை நம்பலாமா?

பேச்சைத் தொடங்க உதவும், தீர்ப்பு சொல்ல உதவாது. ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர் உருவாக்கிய ஆறு வகைகள் பயனுள்ளவை: கையால் செய்யும் வேலை, ஆராயும் வேலை, படைக்கும் வேலை, மனிதர்களுக்கு உதவும் வேலை, முன்னின்று நடத்தும் வேலை, ஒழுங்கோடு பேணும் வேலை. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் 'ஓ-நெட்' தளத்தில் இந்த வகைகளை வைத்து 60 கேள்விகள் கொண்ட ஒரு தேர்வு இலவசமாகவே இருக்கிறது. எந்த நாட்டில் இருந்தாலும் செய்து பார்க்கலாம். நான்கு எழுத்தில் உங்கள் குணத்தைச் சொல்லிவிடும் தேர்வு இன்னும் பிரபலம். ஆனால் சில வாரம் கழித்து அதையே மறுபடி எழுதினால் பலருக்கு வேறு எழுத்துகள் வருகின்றன. அதை நம்பி எந்த வேலையையும் விட்டுவிடாதீர்கள்.

நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் போட்டும் ஒரு பதிலும் இல்லை. மற்றவர்களுக்கு மட்டும் எப்படிக் கிடைக்கிறது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் நான் வீணாக்கிய ஒன்றரை வருடத்தில் பெரும்பகுதி இங்கேதான் போனது. தினமும் காலையில் எழுந்து, ஒரே ரெஸ்யூமேயை இருபது இடத்துக்கு அனுப்பிவிட்டு, உழைத்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன்.

மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வேலை மாறியவர்களிடம் போய் எப்படிக் கிடைத்தது என்று விசாரித்தார். 1973-ல் வெளியான அவருடைய கட்டுரையில் வரும் முடிவு இன்றும் பேசப்படுகிறது. தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்ப்பவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்கள் எல்லாம் எப்போதாவது பார்ப்பவர் மூலமோ, பார்த்தே வெகுநாளான ஒருவர் மூலமோதான் வேலைக்குப் போயிருந்தார்கள். காரணம் எளிது. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரியும். தூரத்துப் பழக்கம்தான் நாம் கேள்விப்படாத இடத்துச் சேதியைக் கொண்டுவரும். வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தின் சுமார் 2 கோடி பயனர்களின் தரவை வைத்துச் செய்த ஒரு பெரிய ஆய்வு 2022-ல் வெளியானது. மிக நெருங்கியவர்களைவிட ஓரளவு தூரத்துப் பழக்கங்களே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவுகின்றன என்று அதுவும் சொன்னது.

ஐன்ஸ்டைன் கதை இதற்கு நல்ல உதாரணம். 1900-ல் சூரிச்சில் பட்டம் பெற்றார். பேராசிரியர்களுக்கு உதவியாளர் பணி கேட்டு எழுதினார், ஒன்றும் அமையவில்லை. தற்காலிக ஆசிரியராகவும் தனிப்பாடம் சொல்லிக்கொடுப்பவராகவும் இரண்டு வருடம் ஓட்டினார். கடைசியில் 1902-ல் பெர்ன் காப்புரிமை அலுவலகத்தில் வேலை கிடைத்தது, கூடப் படித்த மார்செல் கிராஸ்மனின் அப்பா அங்கே இருந்த இயக்குநரிடம் சொன்னதால். நண்பனின் அப்பா எவ்வளவு தூரத்துப் பழக்கம் பாருங்கள்! இதைச் சிபாரிசு என்று நினைத்துக் கூச்சப்பட வேண்டாம். கதவு எங்கே இருக்கிறது என்று ஒருவர் காட்டுகிறார். உள்ளே போய் வேலையைச் செய்து காட்டுவது நம் பாடு.

சரி, எப்படிக் கேட்பது? வேலை கேட்காதீர்கள், இருபது நிமிடம் பேச நேரம் கேளுங்கள். நேராக வேலை கேட்டால் எதிரில் இருப்பவர் "இப்போது இல்லை" என்று சொல்லி முடித்துவிடுவார். தன் வேலையைப் பற்றிப் பேசச் சொன்னால் பலரும் மனம் திறந்து பேசுவார்கள். கடிதம் இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

"வணக்கம். நான் நீங்கள் படித்த அதே துறையில் இந்த ஆண்டு படிப்பை முடித்தேன். நீங்கள் செய்யும் தரப் பரிசோதனை வேலையைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அடுத்த வாரம் உங்களுக்கு வசதியான ஒரு நாளில் இருபது நிமிடம் தொலைபேசியில் பேச முடியுமா? இயலாவிட்டாலும் பரவாயில்லை, நன்றி."

பேசும்போது நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் மூன்று. உங்கள் நாளில் அதிக நேரம் எதில் போகிறது? சேர்வதற்கு முன்பு தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைப்பது எது? இதைப் பற்றிப் பேச வேறு யாரையாவது எனக்குச் சொல்ல முடியுமா? மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள், அதுதான் ஒருவரை ஐந்து பேராக்கும். பேசிய மறுநாள் நன்றி எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்து, அவர் சொன்னதை வைத்து என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். பத்தில் எட்டுப் பேர் இதைச் செய்வதில்லை என்பது என் அனுபவம். செய்பவரை யாரும் மறப்பதில்லை.

விண்ணப்பங்களை நிறுத்தச் சொல்லவில்லை. வாரத்துக்கு நூறு அனுப்புவதை ஐந்தாகக் குறைத்து, அந்த ஐந்தையும் அந்தந்த வேலைக்கென்று எழுதுங்கள். மிச்சமாகும் நேரத்தை மனிதர்களோடு பேசச் செலவிடுங்கள்.

முதல் வேலையைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் வாழ்க்கையே போய்விடாதா?

போகாது. 1957 முதல் 1964 வரை பிறந்த அமெரிக்கர்களை அந்நாட்டின் தொழிலாளர் புள்ளிவிவர அமைப்பு பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வருகிறது. 18 வயதிலிருந்து ஐம்பதுகளின் நடுப்பகுதிக்குள் ஒருவர் சராசரியாக 12-க்கும் அதிகமான வேலைகளைப் பார்த்திருக்கிறார். அவற்றில் கிட்டத்தட்டப் பாதி 25 வயதுக்கு முன்பே. ஒரே வேலையில் ஓய்வு வரை இருந்தவர்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் தலைமுறைதான் அது.

ஆரம்பம் மோசமானால் பாதிப்பே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பொருளாதார மந்தநிலையில் பட்டம் பெற்ற கனடா மாணவர்களைப் பற்றி ஃபிலிப் ஒரியோபௌலோஸ் குழுவினர் செய்த ஆய்வு இருக்கிறது. தொடக்கத்தில் அவர்களுடைய வருமானம் சுமார் 9 சதவீதம் குறைவாக இருந்தது. ஐந்து வருடத்தில் அந்த இடைவெளி பாதியானது, பத்து வருடத்தில் மறைந்தது. மீண்டு வந்ததில் பெரும் பங்கு, கிடைத்த இடத்திலேயே தங்கிவிடாமல் மெல்ல நல்ல நிறுவனங்களுக்கு மாறியதற்குத்தான்.

அதனால் முதல் வேலையில் மூன்றைப் பாருங்கள் என்பேன். கற்றுக்கொடுக்க ஒருவர் இருக்கிறாரா? ஒரு வருடம் கழித்து "இதை நான் செய்தேன்" என்று காட்ட ஏதாவது மிஞ்சுமா? நினைத்தால் வெளியே வர முடியுமா? கடைசிக் கேள்வியை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலை கிடைத்த மகிழ்ச்சியில் ஒப்பந்தத்தைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருடத்துக்குள் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. அங்கே பயிற்சி என்று எதுவும் நடக்கவில்லை, ஆனால் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் வெளியே வந்தேன். ஒவ்வொரு வரியையும் படியுங்கள். புரியாததைக் கேளுங்கள். வேலை தருவதற்கு முன்பணம் கேட்பவர்களிடம் பேச்சையே வளர்க்காதீர்கள்.

நான்கு வருடம் படித்த துறை பிடிக்கவில்லை. விட்டுவிட்டால் அத்தனையும் வீண்தானே?

போன வருடங்கள் எப்படியும் போய்விட்டன. அந்தத் துறையில் தொடர்ந்தாலும் அவை திரும்பி வரப்போவதில்லை. இது தெரிந்தும் மனம் கேட்காது. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் இருவரும் 1985-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பருவம் முழுவதற்குமான நாடகச் சீட்டுகளைச் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடியிலும் விற்றார்கள். முழு விலை கொடுத்தவர்கள், பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். நாடகம் ஒன்றேதான், கொடுத்த காசு அவர்களைத் தள்ளிக்கொண்டு போனது. இன்று புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் இந்தத் துறையைத் தேர்ந்தெடுப்பேனா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்று தோன்றினால் அதற்கு மதிப்புக் கொடுங்கள்.

வெறுங்கையோடும் வெளியே வர மாட்டீர்கள். பொறியியல் படித்துவிட்டுச் சட்டத்துக்குப் போனவர் காப்புரிமை வழக்குகளில் மற்றவர்களை முந்துவார். உயிரியல் படித்துவிட்டு எழுத்துக்கு வந்தவர், மருத்துவச் செய்திகளைத் தவறில்லாமல் எழுதுவார். பழையதும் புதியதும் சந்திக்கும் இடத்தில் போட்டி குறைவு, முதலில் அங்கே தேடுங்கள்.

வேறு வழி தெரியாததால் மேற்படிப்பில் சேரலாமா?

வேறு வழி தெரியாததுதான் காரணம் என்றால் வேண்டாம். நீங்கள் போக நினைக்கும் வேலைக்கு அந்தப் பட்டம் கட்டாயம் தேவை என்று, அந்த வேலையில் இருக்கும் இரண்டு மூன்று பேர் சொன்னால் சேருங்கள். அல்லது அந்தப் பாடத்தைப் படிப்பதே உங்களுக்கு மகிழ்ச்சி, செலவும் தாங்கும் என்றால் சேருங்கள்.

வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?

முதலில் அவர்களுடைய பயத்தைக் கேளுங்கள். கோபமாக வெளிவந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் பயம்தான்.

சார்லஸ் டார்வின் மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டவர். பிறகு பாதிரியாராகும் எண்ணத்தோடு கேம்பிரிட்ஜில் பட்டம் வாங்கினார். 1831-ல், 22 வயதில், பீகிள் கப்பலில் உலகம் சுற்ற அழைப்பு வந்தபோது அப்பா மறுத்துவிட்டார். ஆனால் ஒரு சின்ன வாசலைத் திறந்து வைத்தார்: விவரம் தெரிந்த ஒருவர் போகலாம் என்று சொன்னால் சம்மதிக்கிறேன் என்றார். டார்வின் தன் மாமா ஜோசையா வெட்ஜ்வுட்டிடம் போனார். அப்பாவின் ஆட்சேபங்களை எட்டாக எழுதிக் கொடுத்தார். பாதிரியாராகப் போகிறவனுக்கு இது பெயரைக் கெடுக்கும், பிறகு ஒரு நிலையான வாழ்க்கைக்கு வர மாட்டான், மறுபடியும் தொழிலை மாற்றுகிறான், பயனற்ற முயற்சி, இப்படியெல்லாம் அதில் இருந்தன. இன்றைக்கும் பல வீடுகளில் கேட்கும் குரல்தான். மாமா ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினார். அப்பா சம்மதித்தார்.

இதையே நீங்களும் செய்யலாம். அவர்களுடைய கவலைகளை அவர்கள் வாயாலேயே கேட்டு வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் உண்மையான பதில் எழுதுங்கள், பதில் இல்லாததற்கு இல்லை என்றே எழுதுங்கள். வீட்டில் எல்லோரும் மதிக்கும் ஒரு பெரியவரை உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு கெடு சொல்லுங்கள்: "ஒரு வருடம் கொடுங்கள், அதற்குள் இந்த அளவு நடக்காவிட்டால் நீங்கள் சொல்வதை யோசிக்கிறேன்." முடிவே தெரியாத காத்திருப்பைத் தாங்குவதுதான் பெற்றவர்களுக்குக் கடினம். தேதி இருந்தால் பலர் இறங்கி வருவார்கள்.

சம்பளமா, மனநிறைவா?

கடன் இருந்தால், வீட்டில் உங்கள் வருமானத்தை நம்பி ஆட்கள் இருந்தால், சம்பளத்துக்காக வேலைக்குப் போவதில் எந்தத் தாழ்வும் இல்லை. விருப்பத்தை அதற்காகப் புதைக்கவும் வேண்டாம். சி.வி.ராமன் 1907-ல் நிதித்துறையில் அரசு அதிகாரியாகச் சேர்ந்தார். கல்கத்தாவில் அலுவலகத்துக்குப் போவதற்கு முன்பும், வந்த பிறகும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகத்தில் வேலை செய்தார். அடுத்த பத்து வருடத்தில் பெரும்பகுதி அப்படிப் போனது. 1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி வந்தபோது, சம்பளம் குறையும் என்று தெரிந்தே அரசு வேலையை விட்டார். 1930-ல் நோபல் பரிசு. பரிசை விடுங்கள், அந்தப் பத்து வருடக் காலைகளையும் மாலைகளையும் பாருங்கள். வாரத்துக்கு ஆறு மணி நேரம் உங்களுக்கென்று ஒதுக்க முடிந்தால் போதும், விருப்பம் உயிரோடு இருக்கும்.

இரண்டு வாய்ப்புகள் இருக்கின்றன, முடிவெடுக்க முடியவில்லை.

இரண்டும் ஏறக்குறைய சமமாக இருப்பதால்தான் முடிவெடுக்க முடியவில்லை. அப்படியென்றால் எதை எடுத்தாலும் பெரிய தவறாகிவிடாது. ஸ்டீவன் லெவிட் என்ற பொருளாதார அறிஞர், மாறலாமா, இருந்தபடியே இருக்கலாமா என்று முடிவெடுக்க முடியாமல் தவித்தவர்களை இணையத்தில் நாணயம் சுண்ட வைத்தார். ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது, பெரிய முடிவுகளில் மாற்றத்தின் பக்கம் போனவர்கள் இருந்தபடியே இருந்தவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். நாணயத்தைச் சுண்டச் சொல்லவில்லை. சமமாகத் தோன்றினால், புதிதாகக் கற்றுத்தரும் பக்கம் சாயுங்கள்.

மாதங்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. காலையில் எழவே மனம் வரவில்லை.

இது சோம்பலாக இருக்காது. தூக்கமும் பசியும் மாறிப்போய், முன்பு பிடித்தவைகூட இரண்டு வாரத்துக்கு மேல் பிடிக்காமல் இருந்தால் ஒரு மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். வேலை தேடுவது அதற்குப் பிறகு.

அந்த அளவு இல்லை, வெறும் சோர்வுதான் என்றால் நாளுக்கு ஒரு வடிவம் கொடுங்கள். எழும் நேரம் ஒன்று, வீட்டை விட்டு வெளியே போகும் நேரம் ஒன்று, மாலையில் தேடலை மூடிவைக்கும் நேரம் ஒன்று. யாருக்காவது ஒழுங்காக ஏதாவது செய்து கொடுங்கள், வாரம் இரண்டு நாள் ஒரு குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதானாலும் சரி. நம்மை எதிர்பார்த்து ஒருவர் இருக்கிறார் என்பதே படுக்கையிலிருந்து எழுப்பும்.

இந்த இடைவெளியைப் பற்றி இன்டர்வியூவில் கேட்டால்?

மறைக்காதீர்கள், நீட்டி மன்னிப்பும் கேட்காதீர்கள். என்ன நடந்தது, என்ன செய்தீர்கள், இங்கே ஏன் வந்தீர்கள் என்று மூன்று நான்கு வாக்கியத்தில் முடியுங்கள். என்னோடு பேசிப் பயிற்சி எடுத்த ஒரு பெண் இப்படிச் சொன்னார்: "படித்த துறை எனக்குப் பொருந்துமா என்ற சந்தேகம் வந்தது. பத்து மாதத்தில் பன்னிரண்டு பேரிடம் அவர்கள் வேலையைப் பற்றிக் கேட்டேன், இரண்டு இடங்களில் சில வாரம் வேலை செய்து பார்த்தேன். பொருள்களை வாங்கி அனுப்பும் ஒழுங்கை அமைப்பதில் எனக்கு ஆர்வம் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அதனால்தான் இந்த வேலைக்கு விண்ணப்பித்தேன்." கேட்டவர் அடுத்த கேள்வியாக, அந்தப் பன்னிரண்டு பேரும் என்ன சொன்னார்கள் என்று கேட்டாராம். மிச்ச நேரம் முழுவதும் அதைப் பற்றியேதான் பேசியிருக்கிறார்கள்.